மேசைக்கு வராத இராசவள்ளி

ஒஸ்லோவில் எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் தங்கேஸ்வரி அன்ரியைத் தெரியும். யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "ஆர், ரொம்சோஸ் பார்னஹாகேயிலை சமைக்கிறவவோ?" என்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு சொல்ல அவர்களிடம் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை வாயால் சொல்ல மாட்டார்கள், உதட்டைச் சுழித்துக் காட்டுவார்கள். வாயால் சொல்ல வெட்கப்படுகிற ஒன்றை ஏன் இத்தனை வருடமாகக் கட்டிக் காக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் நான் சொல்லிவிடுகிறேன். சாதி.

அந்த பார்னஹாகேயில்தான் நானும் வளர்ந்தேன். சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. எங்கள் அடுக்குமாடிகளுக்கு நடுவில், பைன் மரங்களுக்குக் கீழே இருக்கிறது. புதன்கிழமைகளில் அன்ரி அங்கே குரோத் காய்ச்சுவார். அரிசியைப் பாலில் குழையவிட்டு, மேலே சீனியும் கறுவாப்பொடியும் தூவி, நடுவில் ஒரு துண்டு வெண்ணெய் வைத்துத் தருகிற நோர்வேக் கஞ்சி. அன்ரி அதில் ஒரு ஏலக்காயைத் தட்டிப் போடுவார். சோமாலியப் பிள்ளை, பாகிஸ்தான் பிள்ளை, நோர்வேப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று எல்லோரும் கோப்பையை நக்குவோம். இன்றைக்கும் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் அவருடைய கையால் சாப்பிட்டுத்தான் வளர்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

அன்ரி நோர்வேக்கு வந்து இறங்கியது ஒஸ்லோவில் இல்லை, ஹம்மர்பெஸ்டில். வடக்கே, மீன் தொழிற்சாலைகள் இருந்த ஊர். கலியாணம் கட்டிய கையோடு போர் துரத்தி வந்தவர். பனிக்காலத்தில் சூரியனே எழும்பாத இடத்தில் கையுறை போட்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். அன்ரிக்கு அந்தப் பாவம் பிடிக்காது.

"நல்லாத்தான் இருந்தனாங்கள் பிள்ளை," என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். "நாலைஞ்சு தமிழ்க் குடும்பம். ஆரின்ரை வீட்டிலை அடுப்பு எரியுதோ அங்கை எல்லாரும் சாப்பாடு."

"அங்கை ஆரும் கேக்கேல்லையோ, ஊரிலை எவடமெண்டு?"

"குளிருக்கை ஆர் கேக்கிறது? கதவைத் திறந்தா உள்ளுக்கை இழுத்துப் போட்டுட்டுத்தான் பேரையே கேப்பினம்."

ஹம்மர்பெஸ்டில் தேங்காய் கிடைக்காது. கேக் செய்யிறதுக்கு விற்கிற காய்ந்த தேங்காய்த்துருவலைச் சுடுபாலில் ஊறவைத்துப் பிழிந்து பால் எடுப்பார்களாம். ஒரு தடவை ஒஸ்லோவிலிருந்து வந்த யாரோ இராசவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தார்கள். வழியில் குளிர் பிடித்துப் பாதி கறுத்துப்போயிருந்தது. அன்ரி அழுகலை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அவித்து, மசித்து, அந்தத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் களி கிண்டினார். கத்தரிப்பூ நிறத்தில் அது கொதித்து வந்தபோது, தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த ஒரு முரட்டு மனிதர் சட்டியைப் பார்த்துக்கொண்டே அழுதாராம். அவர் யாழ்ப்பாணத்தவர் இல்லை. ஹம்மர்பெஸ்ட்காரர். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் நின்றதுதான் காரணம் என்று அன்ரி சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்த மனிதர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாராம். அதைச் சிரிக்காமல் சொன்னார்.

தொழிற்சாலை மூடப்பட்டதும் அன்ரி ஒஸ்லோவுக்கு வந்தார். இங்கே கோயில் இருக்கிறது, தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கடையில் முருங்கைக்காய் இருக்கிறது. வந்த கிழமையே ஒரு பிறந்தநாள் வீட்டில் முதல் கேள்வி வந்தது.

"நீங்கள் ஊரிலை எவடம்?"

"குளத்துக்கு அங்காலை."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் குளத்துக்கு இங்காலை சில பேர், அங்காலை சில பேர். அந்தக் குளத்தை நான் பார்த்ததே இல்லை. அதில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒஸ்லோவில் அது இன்னும் இருக்கிறது. அன்ரி கொண்டுபோன பலகாரப் பெட்டியை வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கி, "குளிரட்டும்" என்று பல்கனியில் வைத்தார். விருந்து முடிந்தது. பெட்டி பல்கனியிலேயே இருந்தது. அன்ரி புறப்படும்போது, "மறந்துபோனன், கொண்டு போறியளே?" என்று அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

யாரும் அவரை ஏசியதில்லை. யாரும் வாசலில் நிறுத்தியதில்லை. அவருடைய கையால் சாப்பிடாமல் மட்டும் விட்டார்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏசினால் திருப்பி ஏசலாம். "சுகர் இருக்கு", "இப்பதான் சாப்பிட்டனாங்கள்", "இண்டைக்கு விரதம்" என்று சொல்பவர்களை என்ன செய்வது?

சிறிதேவி அன்ரி உள்ளே வருவது இங்கேதான். சங்கத் தலைவரின் மனைவி. பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக பார்னஹாகேக்கு வந்த ஒரு நாளில், தங்கேஸ்வரி அன்ரி அங்கே வேலை செய்கிறவர்களுக்கென்று செய்திருந்த இராசவள்ளிக் களியை, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கரண்டி சாப்பிட்டார். பிறகு இன்னொரு கரண்டி. அந்த வருட ஆண்டுவிழாவுக்கு முன் தொலைபேசி வந்தது.

"தங்கேஸ்வரி, எனக்கு ஒரு சட்டி கிண்டித் தாரும். சனத்துக்கு நான் செய்ததெண்டு சொல்லுவன். நீர் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும், என்ன? உம்மடை கை நல்ல கை."

இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒருவர் "நீர்" என்பார், மற்றவர் "அக்கா, நீங்கள்" என்பார்.

தங்கேஸ்வரி அன்ரி கிண்டிக் கொடுத்தார். வருடா வருடம் கொடுத்தார். விழா மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்துகொண்டு, "சிறிதேவி அக்கான்ரை இராசவள்ளி" என்று சனம் வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இது எனக்குப் போன கோடையில்தான் தெரிய வந்தது. ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டில் நின்றபோது, தலைவரின் கார் கீழே வந்து நிற்க, அன்ரி துணி சுற்றிய சட்டியோடு இறங்கிப் போனார். திரும்பி வந்ததும் சண்டை பிடித்தேன்.

"ஏன் அன்ரி செய்து குடுக்கிறியள்? வெக்கமில்லையோ?"

"ஆருக்கு வெக்கம்? எனக்கோ அவவுக்கோ?"

"உங்களுக்கு!"

"சாப்பிட்டினமே," என்றார். "என்ரை கையாலை செய்ததை எங்கடை ஊர்ச் சனம் சாப்பிடுது. அதைப் பாக்கிறதுக்குத்தான் குடுத்தனான்."

பிறகு, "இனிக் காணும். ஒருக்கா என்ரை பேரிலை சாப்பிடட்டும். அதுதான் எனக்கு வேணும்," என்றார்.

இந்த வருடம் சங்கம் ஒரு அறிவித்தல் அனுப்பியது. ஒவ்வொரு குடும்பமும் ஊர்ச் சாப்பாடு ஒன்று செய்து கொண்டுவர வேண்டும், மேசையில் பெயர் எழுதி வைக்கப்படும். சங்கத்தின் செயலாளர் இராசதுரை. அவர் என் அப்பா. தங்கேஸ்வரி அன்ரி அவருக்குத் தொலைபேசி எடுத்து, தானும் இராசவள்ளி கொண்டு வரலாமா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஓம் ஓம், கட்டாயம் கொண்டு வாங்கோ," என்றார் அப்பா. தொலைபேசியை வைத்ததும் நெற்றியைத் தடவினார்.

சிறிதேவி அன்ரியும் வழமைபோலத் தனக்கு ஒரு சட்டி கேட்டார். அன்ரி மறுக்கவில்லை. விழாவன்று காலை நானும் போய்க் கிழங்கு சீவினேன். ஒரே கடைக் கிழங்கு, ஒரே அடுப்பு, ஒரே அகப்பை. கிண்டி முடித்து இரண்டு சட்டியில் பங்கிட்டார்.

"அவவுக்கு ஏன் இன்னும் குடுக்கிறியள்?"

"இரண்டும் ஒண்டுதானே," என்றார் அன்ரி, சட்டி விளிம்பைத் துடைத்துக்கொண்டு. "எதைச் சாப்பிடுகினம் எண்டு பாப்பம்."

விழா ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில். சுவரோடு நீள மேசைகள். பால்ரொட்டி, பயத்தம் உருண்டை, தொதல், மோதகம், எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாவின் கையெழுத்தில் பெயர் அட்டைகள். கடையில் வாங்கிய கிரீம் கேக்குகூட இருந்தது. அது எந்த ஊர்ச் சாப்பாடு என்று யாரும் கேட்கவில்லை. நடுவில், பூப்போட்ட துணியின் மேல், "சிறிதேவி – இராசவள்ளி".

தங்கேஸ்வரி என்று ஓர் அட்டை இல்லை.

சமையலறைக்குள் போய்த் தேடினேன். கோப்பி காய்ச்சும் பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால், தரையில், ஒரு துவாயால் மூடி வைத்திருந்தார்கள் அந்தச் சட்டியை. அப்பா கடதாசிக் கோப்பைகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

"அப்பா, தங்கேஸ்வரி அன்ரின்ரை சட்டி ஏன் நிலத்திலை கிடக்கு?"

"மேசையிலை இடமில்லை."

"கேக்குக்கு இடமிருக்கு."

"மெல்லக் கதை. இராசவள்ளி ஏற்கெனவே ஒண்டு இருக்கெல்லே? பிறகு வைப்பம்."

"எப்ப பிறகு? எல்லாரும் வீட்டை போன பிறகோ?"

அப்பா கோப்பைகளைக் கீழே வைத்தார். "பிள்ளை, உனக்கு இதுகள் விளங்காது. அவவின்ரை பேரைப் போட்டு வைச்சா, அதை மட்டுமில்லை, பக்கத்திலை இருக்கிறதையும் தொடாயினம். விழா குழம்பிப்போம். நான் செயலாளர். எல்லாரையும் கொண்டிழுக்க வேணும்."

"நீங்கள் கிரண்லாண்ட் கடைத்தெருவிலை கெபாப் வாங்கித் தின்னேக்கை, வெட்டுறவன் ஊரிலை எவடமெண்டு கேட்டனீங்களோ?"

"அது வேறை."

"என்ன வேறை?"

"வேறை எண்டா வேறை! சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தாதை."

எங்களுக்கு நோர்வேக்காரன் ஒரு வேலை தராவிட்டால், அப்பா அதை இனவாதம் என்று சரியாகச் சொல்வார். மேடையில் ஏறி உரிமை என்று பேசுவார். அந்த அப்பாதான் அந்தத் துவாயை இழுத்துச் சட்டியைச் சரியாக மூடினார்.

நான் வெளியே வந்தபோது தங்கேஸ்வரி அன்ரி கடைசி வரிசையில் இருந்தார், நீலச் சேலையில். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

சாப்பாடு தொடங்கியது. இராசவள்ளிக்கு முன்னால்தான் நீண்ட வரிசை.

"அக்கா, உங்கடை கைக்குக் கிட்ட ஒருத்தரும் நிக்கேலாது!"

"லண்டனிலை என்ரை தங்கச்சியும் செய்யிறவள். பசை மாதிரி இருக்கும். நோட்டீஸ் ஒட்டலாம்."

"எனக்கு இன்னொருக்கா போடுங்கோ. மனிசி பாக்க முதல்."

சிறிதேவி அன்ரி சிரித்துச் சிரித்து அள்ளிப் போட்டார். சட்டி வெறுமையாகிவிட்டது. வரிசை முடியவில்லை. பிள்ளைகள் வெறும் கோப்பையோடு நின்று சிணுங்கினார்கள். சிறிதேவி அன்ரி சட்டியைத் தூக்கிக்கொண்டு, "உள்ளுக்கை இன்னும் வைச்சிருக்கிறன், பொறுங்கோ," என்று சமையலறைக்குள் போனார்.

சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உணவு எடுத்துக் கொடுக்கிற ஒரு சன்னல் உண்டு. அது திறந்திருந்தது. அவர் குனிந்து துவாயை விலக்கியதையும், நிலத்தில் இருந்த சட்டியிலிருந்து தன் சட்டிக்கு அள்ளியதையும் நானும் பார்த்தேன், தங்கேஸ்வரி அன்ரியும் பார்த்தார். அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். அவர் சட்டியைச் சரித்துப் பிடித்துக் கொடுத்தார்.

பெயர் போட்டால் தொடமாட்டார்கள். பெயரை எடுத்துவிட்டால் சண்டை பிடித்துச் சாப்பிடுவார்கள். இது அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நிரம்பிய சட்டி மேசைக்குத் திரும்பி வந்தது. மறுபடியும் அள்ளல், மறுபடியும் புகழ்ச்சி. தங்கேஸ்வரி அன்ரி எழும்பினார். ஒரு கடதாசிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். தன் முறை வரும்வரை, முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தபடி பொறுமையாக நின்றார். முறை வந்ததும் கோப்பையை நீட்டினார்.

"சிறிதேவி அக்கா, என்ரை இராசவள்ளியிலை எனக்கும் ஒரு அகப்பை போடுங்கோ."

உரத்துச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"என்ன சொல்லுறீர் நீர்?"

"இது என்ரை சட்டியிலை இருந்தது. கீழை கிடந்தது. இதுக்கு முதல் முடிஞ்சதும் நான் கிண்டினது. போன வருசத்தையானும் நான் கிண்டினதுதான். அதுக்கு முந்தின வருசங்களும்."

வாய்க்குள் கரண்டியை வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். விழுங்குவதா, துப்புவதா? இந்தக் கேள்வியை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றவர்களை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். ஒரு மாமா கழிப்பறைப் பக்கம் போய்விட்டார். வாய் கொப்பளிக்கிற சத்தம் வெளியே கேட்டது. ஒரு அன்ரி தன் மகளின் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கப் பார்த்தார். பிள்ளை விடவில்லை, கோப்பை கிழிந்து களி மண்டபத் தரையில் சிந்தியது. இன்னும் சில பேர் தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்து சாப்பிட்டார்கள்.

"நான் சொல்லச் சொல்ல அவ கிண்டினவ," என்று சிறிதேவி அன்ரி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "ஒரு உதவிக்குத்தான்."

அப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார். "அடுத்ததாக இளம் பிள்ளைகளின் நடனம்," என்றார். நடனம் ஆட வேண்டிய பிள்ளைகள் இன்னும் உடுப்பு மாற்றவில்லை. பாட்டு மட்டும் போனது. வெறும் மேடையில்.

தங்கேஸ்வரி அன்ரி அகப்பையைத் தானே எடுத்துத் தன் கோப்பையில் போட்டு, மேசைக்கு முன்னாலேயே நின்று, ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு சமையலறைக்குள் போய்த் தன் சட்டியை எடுத்துக் கழுவினார். நான் அதைத் தூக்கிக்கொண்டு அவரோடு ரயிலில் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. அவர் விழாவைக் குழப்பிவிட்டாராம். சபையில் ஒரு பெரிய மனுசியை அவமானப்படுத்திவிட்டாராம். யாரும் "ஏன் அந்தச் சட்டியை நிலத்தில் வைத்தீர்கள்" என்று அப்பாவைக் கேட்கவில்லை. ஒருவர்கூட இல்லை. கடைசியில், பேரப்பிள்ளைகளைப் பார்னஹாகேயில் அன்ரியின் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறதே என்று தலைவரே யோசித்து, சமாதானம் பேசலாம் என்றார். ஞாயிறு மத்தியானம் தலைவரும் அப்பாவும் அன்ரியின் வீட்டுக்குப் போனார்கள். யாரும் அழைக்காமலே நானும் காரில் ஏறினேன்.

அன்ரி கதவைத் திறந்து, இருக்கச் சொன்னார். தலைவர் கதிரையின் நுனியில் இருந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு, தங்கேஸ்வரி. அடுத்த வருசம் உங்கடை பேரைப் போட்டே மேசையிலை வைப்பம். நான் பொறுப்பு."

"சந்தோசம்," என்றார் அன்ரி. உள்ளே போய், மூன்று கிண்ணத்தில் இராசவள்ளி கொண்டுவந்து வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. "அடுத்த வருசம் வரைக்கும் என்னத்துக்கு? இப்ப சாப்பிடுங்கோ. இது என்ரை வீடு, என்ரை பேர்."

நான் சாப்பிடத் தொடங்கினேன். தலைவர் கிண்ணத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், திரைச்சீலை விலகியிருந்த சன்னலைப் பார்த்தார். பிறகு ஒரு கரண்டி எடுத்து, மூச்சைப் பிடித்து, கசாயம் குடிப்பதுபோல விழுங்கினார். உடனே தேநீருக்குக் கை நீட்டினார். அப்பாவும் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"சரி, சாப்பிட்டாச்சு," என்று தலைவர் எழும்பினார். "இனி ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?"

அன்ரி இரண்டு கிண்ணங்களையும் எடுத்தார்.

"மருந்து மாதிரி விழுங்கிறவைக்கு நான் கிண்டேல்லை. அடுத்த வருசம் என்ரை பேரும் வேண்டாம், சட்டியும் வேண்டாம். சிறிதேவி அக்காவுக்கும் சொல்லுங்கோ, இனிக் கார் அனுப்ப வேண்டாம். இராசவள்ளி வேணுமெண்டா, இஞ்சை வந்து, இந்தக் கதிரையிலை இருந்து, ருசிச்சுச் சாப்பிடட்டும். அப்பிடி வாற ஆக்களுக்குக் கதவு திறந்துதான் கிடக்கும்."

"என்ன தங்கேஸ்வரி, நாங்கள் இறங்கி வந்து கதைக்கிறம்..."

"எங்கையிருந்து இறங்கினனீங்கள்?" என்று கேட்டார் அன்ரி.

தலைவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படிகளில் முன்னால் போய்விட்டார். அவரை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, நானும் அப்பாவும் மட்டும் காரில். வீதிச் சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்து கார் நின்றபோது அப்பா மெல்லச் சொன்னார்:

"உண்மையைச் சொன்னா, நல்லாத்தான் இருந்தது."

"அதை அவவுக்குச் சொன்னனீங்களோ?"

"சொல்லுவம், சொல்லுவம். நேரம் வரட்டும்."

"இப்ப காரைத் திருப்புங்கோ. போய்ச் சொல்லுங்கோ. கதிரையிலை இருந்து, மிச்சத்தையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ."

"விசர்க் கதை கதைக்காதை அபிஷா. தலைவருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பார்?"

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அப்பா நேரே ஓட்டினார்.